கம்பார்ட்மெண்ட் தந்த மருத்துவர்
(டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் நம் பிள்ளைகளின் தேர்வுகளும்)

1984ஆம் ஆண்டு. டில்லி ராமகிருஷ்ணபுரத்தில் மத்திய அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்த என் அக்கா, மன்னார்குடியில் இருந்த தன் மாமியாருக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினாள். "ரகுவுக்குக் கணக்கில் கம்பார்ட்மெண்ட் வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை" என்று. பத்து நாள் கழித்துப் பதில் கார்டு வந்தது. "கம்பார்ட்மெண்ட் கிடைத்துவிட்டது என்று அறிந்து சந்தோஷம். ஜி.டி.யா, தமிழ்நாடு எக்ஸ்பிரஸா? எந்தத் தேதி வருகிறீர்கள் என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பச் சௌகரியமாக இருக்கும்."

அழுதுகொண்டிருந்த அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் இருந்தவர்களுக்குப் பாஸ் தெரியும், ஃபெயில் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கம்பார்ட்மெண்ட் என்று ஒன்று உண்டு என்பது டில்லிக்கு வந்த நமக்குத்தான் தெரியும். மற்றப் பாடங்களில் தேறி ஒரு பாடத்தில் மட்டும் தவறியவன், அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதித் தேறலாம். ஓர் ஆண்டு வீணாகாது.

இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்த குழுவின் தலைவர் ஒரு தமிழர், அதிலும் ஒரு பிரசவ மருத்துவர் என்பது எனக்கே வெகுகாலம் தெரியாது. 1973 முதல் 2011 வரை முப்பத்தெட்டு வருடம் டில்லியில் இயற்பியல் ஆசிரியராகவும், பிறகு துணை முதல்வராகவும் வேலை பார்த்தவன் நான். பொதுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியும், பிற்காலத்தில் தலைமைத் தேர்வாளராக மற்றவர்கள் திருத்தியதைச் சரிபார்த்தும் பல கோடை விடுமுறைகள் கழிந்திருக்கின்றன. ஓய்வு பெற்ற பின்தான், நான் செய்த வேலையின் சரித்திரத்தைப் படிக்க அவகாசம் கிடைத்தது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்த மருத்துவரைப் பற்றி எழுதுவதென்று தீர்மானித்தேன்.

இரட்டையரில் இளையவர்

ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் 1887 அக்டோபர் 14 அன்று கர்னூலில் பிறந்தார். அவரும் சர் ஏ. ராமசாமி முதலியாரும் இரட்டைப் பிள்ளைகள். அண்ணன் அரசியலுக்குப் போனார். நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர், மைசூர் திவான், ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூகக் குழுவின் முதல் தலைவர் என்று புகழ்பெற்றார். தம்பி மருத்துவத்துக்குப் போனார். கர்னூலில் பள்ளிப்படிப்பு, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அதன்பின் மருத்துவம். மகப்பேறு மருத்துவத்தில் அவர் எழுதிய பாடநூல் 1938இல் முதன்முதலாக வெளிவந்தது. பிற்காலத்தில் 'முதலியார் அண்ட் மேனன்' என்ற பெயரில் அது பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. உங்கள் வீட்டில் டாக்டர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தப் புத்தகம் தெரியாமல் இருக்காது. 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார்.

1942இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி வந்தது. 1969 வரை, தொடர்ந்து 27 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். இன்றைக்கு மூன்று வருடம் துணைவேந்தராக இருப்பதே பெரிய காரியமாகப் பேசப்படுகிறது! பல்கலைக்கழகத்தின் 1957ஆம் ஆண்டு நூற்றாண்டு விழா அவர் காலத்தில்தான் நடந்தது. இந்தப் பொறுப்புடனேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கும் தலைமை வகித்தார். 1961இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவரானார். 1963இல் பத்ம விபூஷண் விருது. 1974 ஏப்ரல் 15 அன்று மறைந்தார்.

இவ்வளவையும் பட்டியல் போட்டது பெருமைக்காக மட்டும் அல்ல. பிறப்பைக் கவனிப்பதிலும் படிப்பைக் கவனிப்பதிலும் ஒரே மனிதர் ஆயுளைச் செலவழித்தார். அதன் சாயல் அவருடைய தேர்வுச் சிந்தனையில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

1952ஆம் ஆண்டுக் குழு

சுதந்திரம் வந்த மறு ஆண்டே டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. முதலியார் அதில் ஓர் உறுப்பினர். உயர்கல்வியில் ஒன்றே ஒன்றைத்தான் சீர்திருத்தலாம் என்றால் தேர்வு முறையைத்தான் சொல்வோம் என்ற கருத்தில் அந்தக் குழு அழுத்தமாக எழுதியது. ஆனால் கல்லூரிக்கு வருகிற பிள்ளை, பள்ளியிலேயே தேர்வுக்கென்று உருட்டப்பட்டு வருகிறானே! அதனால் அடுத்து உயர்நிலைப் பள்ளிகளைப் பார்க்க 1952 செப்டம்பரில் இடைநிலைக் கல்விக் குழு ஒன்றை இந்திய அரசு அமைத்தது. தலைவர், லட்சுமணசாமி முதலியார். ஹன்சா மேத்தா, கே.எல். ஸ்ரீமாலி, கே.ஜி. சையதைன், ஆக்ஸ்போர்டு ஜீசஸ் கல்லூரி முதல்வர் ஜான் கிறிஸ்டி, அமெரிக்காவிலிருந்து கென்னத் வில்லியம்ஸ் முதலானோர் உறுப்பினர்கள். ஏ.என். பாசு உறுப்பினர்-செயலர். 1953 ஆகஸ்டில் அறிக்கை தயாராகிவிட்டது. ஓராண்டுக்குள்! 'முதலியார் கமிஷன்' என்று பி.எட். படித்தவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துபோன அறிக்கை அது. நானும் அப்படித்தான்.

பலநோக்குப் பள்ளிகள், கைத்தொழில், ஆசிரியர் ஊதியம் என்று அதில் எவ்வளவோ உண்டு. தேர்வைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெளித்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பள்ளிப் படிப்பின் முடிவில் ஒரே ஒரு பொதுத் தேர்வு போதும். கட்டுரை வகைக் கேள்விகளில் திருத்துகிறவரின் மனப்போக்கு புகுந்துவிடுவதால், கேள்வியின் தன்மையை மாற்றிப் புறவயத் தேர்வுகளையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாணவனுக்கும் பள்ளியில் தொடர்பதிவேடு ஒன்று வைத்து, அவன் அறிவு, ஆர்வம், குணம், உடல்நலம் எல்லாவற்றையும் ஆண்டுக்காண்டு குறித்துவர வேண்டும். இறுதி மதிப்பீட்டில் அந்தப் பதிவுகளுக்கும் பள்ளியின் உள்தேர்வுகளுக்கும் உரிய இடம் தர வேண்டும். நூற்றுக்கு இவ்வளவு என்ற எண்ணுக்குப் பதில் எழுத்துக் குறியீட்டால் தரம் சொல்ல வேண்டும். கடைசியாக, இறுதிப் பொதுத் தேர்வில் கம்பார்ட்மெண்ட் முறை வர வேண்டும்.

சென்னை மாகாணத்தவருக்குப் பள்ளிப் பதிவு முற்றிலும் புதிதல்ல. 1911 முதல் அங்கே எஸ்.எஸ்.எல்.சி. முறை உண்டு. என் தகப்பனாரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பள்ளியில் வாங்கிய மார்க்கும், பொதுத் தேர்வு மார்க்கும், இடது முழங்கைக்கு மேல் ஒரு மச்சம் என்ற அடையாளமும் அதில் உண்டு. ஒரு தாள் அல்ல, ஒரு புத்தகம்.

இப்போது என் எண்ணத்தைச் சொல்கிறேன். பிரசவ டாக்டர் கர்ப்பிணியை ஒரே ஒரு நாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். மாதா மாதம் வரச் சொல்வார், எடை பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், சீட்டில் குறிப்பார். கடைசி நாளில் சிக்கல் வந்தால் கை கொடுப்பது அந்தச் சீட்டுத்தான். மாணவனுக்குத் தொடர்பதிவேடு கேட்ட மனம் அப்படிப் பழகிய மனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அறிக்கையில் இப்படி எழுதியிருக்கவில்லை. இது ஒரு ஆசிரியனின் ஊகம்தான்.

ஒரு விடைத்தாள், பல மார்க்குகள்

திருத்துகிறவரின் மனப்போக்கு என்று குழு சொன்னது வெறும் வார்த்தையா? 1935இல் இங்கிலாந்தில் சர் பிலிப் ஹார்ட்டாக், ரோட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஹார்ட்டாக் நம் நாட்டுக்கும் அறிமுகமானவர், டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். பதினைந்து சரித்திர விடைத்தாள்களைப் பதினான்கு தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே தேர்வாளர்களிடம் மறுபடி கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92இல், முதலில் சொன்ன முடிவுக்கும் இரண்டாவது சொன்ன முடிவுக்கும் பொருத்தம் இல்லை. வேறொருவரோடு அல்ல, தன்னோடேயே ஒத்துப்போகவில்லை!

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. தலைமைத் தேர்வாளராக இருந்த நாட்களில், திருத்தம் தொடங்குவதற்கு முன் ஒரே விடைத்தாளின் நகலைக் குழுவில் எல்லாருக்கும் கொடுத்துத் திருத்தச் சொல்வேன். ஒரு வருடம் பன்னிரண்டு பேர் கொடுத்த மார்க் எழுபதுக்கு 38 முதல் 51 வரை போயிற்று. எல்லாரும் நல்ல ஆசிரியர்கள்தான். ஒருவர் கையெழுத்தைப் பார்த்தார், ஒருவர் படத்துக்குக் குறைத்தார், ஒருவர் விடை தப்பென்றாலும் வழி சரி என்று போட்டார். அதற்காகத்தான் மார்க்கிங் ஸ்கீம். ஒவ்வொரு படிக்கும் அரை மார்க், ஒரு மார்க் என்று வகுத்து, அதைப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். அப்படியும் காலை பத்து மணித் தாளும் பிற்பகல் நாலு மணித் தாளும் ஒன்றல்ல. மே மாத டில்லி வெயிலில், கரண்ட் போன ஹாலில், இருபதாவது தாளை எடுக்கும் கை எப்படி இருக்கும்?

என் கையால் நேர்ந்த பிழை

அந்தக் கையால் நானும் ஒரு பிழை செய்திருக்கிறேன். நாற்பது வருடம் நெருங்குகிறது. குடும்பத்தில் என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

1987 கோடை. ஓர் இயற்பியல் தாள். முதன்மை விடைத்தாளின் கடைசி இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. நான் அங்கேயே கூட்டி, அட்டையில் 52 என்று போட்டு மூடிவிட்டேன். அதன் பின்னால் நூலில் கட்டிய கூடுதல் தாள் ஒன்று இருந்தது. அதில் மூன்று கேள்விகளுக்கு விடை. சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. மாணவன், அல்லது மாணவி, பணம் கட்டி மறுகூட்டல் கேட்டபின்தான் வெளியே வந்தது. விளக்கம் கேட்டு எனக்குத் தாள் வந்தபோது பார்த்தேன்: முத்து முத்தான விடைகள். பதினொரு மார்க் கூடி 63 ஆயிற்று. ஆனால் அதற்குள் ஜூலை கடந்துவிட்டது, கல்லூரிகளில் சேர்க்கை முடிந்துவிட்டது.

என்னிடம் எழுத்தில் விளக்கம் வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி. அந்தப் பிள்ளை யார், எந்தப் படிப்பு கேட்டது, எது கிடைத்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. திருத்துகிறவரிடம் பெயர் வராது, இரகசிய எண்தான் வரும். அந்த எண் இன்றும் எனக்கு மனப்பாடம்.

அதற்குப் பிறகு எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். வெற்றுப் பக்கங்களில் குறுக்கே கோடு போட்டுவிட்டுத்தான் கூட்டுவேன். தலைமைத் தேர்வாளரான பின் எல்லாரையும் அப்படிச் செய்ய வைத்தேன். "சார் ரொம்பக் கெடுபிடி" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன். முதலியார் அறிக்கையைப் பிற்பாடு நிதானமாகப் படித்தபோது, ஒரே நாளின் ஒரே தாளில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை வைக்காதீர்கள் என்று அவர்கள் மன்றாடியது யாரை நினைத்து என்று எனக்குப் புரிந்தது. அந்தத் தாள் என்னைப் போன்ற ஒருவன் கைக்குத்தானே வருகிறது!

எது நடந்தது, எது நடக்கவில்லை

அறிக்கை முழுவதும் அலமாரியில் தூங்கிவிடவில்லை. 1956இல் தேர்வுச் சீர்திருத்தத்துக்கென்று போபாலில் கருத்தரங்கம் நடந்தது. 1957, 58இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் இந்தியாவுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினார். 1958இல் மத்தியத் தேர்வுப் பிரிவு தொடங்கியது. 1961இல் என்.சி.இ.ஆர்.டி. பிறந்தபோது அந்தப் பணி அங்கே போய்ச் சேர்ந்தது. நினைவுக்கு இவ்வளவு, புரிதலுக்கு இவ்வளவு, பயன்படுத்துவதற்கு இவ்வளவு என்று இன்றைக்கு வினாத்தாளுக்கு முன் போடும் 'புளூபிரிண்ட்' அந்த வழியில் வந்ததுதான். குறுவிடை, ஒரு மார்க் கேள்வி எல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகிவிட்டன. கம்பார்ட்மெண்ட் வந்தது, ஆயிரக்கணக்கான வீடுகளில் ஓர் ஆண்டைக் காப்பாற்றியது. அந்தத் தேர்வுக்கு 'சப்ளிமெண்டரி' என்று 2023இல் சி.பி.எஸ்.இ. பெயர் மாற்றியது. பெயர்தான் மாற்றம், தத்துவம் அதே.

நடக்காதது, தொடர்பதிவேடு. எழுத்துக் குறியீடும் உள்மதிப்பீடும் 2009இல் 'சி.சி.இ.' என்ற பெயரில் வந்தன. பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வு விருப்பத்துக்கு விடப்பட்டது. என் கடைசி இரண்டு ஆண்டுகள் அதில்தான் கழிந்தன. திட்டம் நல்லது, ஆனால் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள்! ஒவ்வொருவனுக்கும் நடத்தை, மனப்பான்மை, கலை, விளையாட்டு என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். இரவு உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைப் பத்துப் பேருக்கு எழுதினோம். பிராஜெக்ட் சார்ட்டுகளைக் கடையில் வாங்கி வந்தார்கள், அதற்கும் மார்க் போட்டோம். கடைசியில் 2018இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மறுபடி கட்டாயமாகியது. பெற்றோர் பலரும் நிம்மதி அடைந்தார்கள். நானும் ஒரு விதத்தில் அடைந்தேன் என்பதை மறைப்பானேன்? வெளித்தேர்வில் திருத்துகிறவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது. அப்பா யார், என்ன ஜாதி, எந்த ஊர் என்பது தெரியாது. வெளி மாநிலத்தில் சிறுபான்மையாக வாழும் நமக்கு அது ஒரு பாதுகாப்பு. உள்மதிப்பீட்டில் ஆசிரியரின் விருப்பு வெறுப்பு நுழையும் என்ற பயம் அறிக்கை எழுதிய காலத்திலும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலியார் 27 ஆண்டுகள் நடத்திய சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே ஆண்டிறுதித் தேர்வுதான் கோலோச்சியது. நாட்டுக்குச் சொன்னதைத் தன் வீட்டில் செய்ய அவராலும் இயலவில்லை. குறையாகச் சொல்லவில்லை; இந்தத் தேர் எவ்வளவு கனமானது என்பதற்குச் சொல்கிறேன்.

2021 ஜூன்

பிறகு கொரோனா வந்தது. 2021 ஜூன் 1 அன்று சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்து என்று அறிவிப்பு. என் பேத்தி அந்த வருடம்தான் பன்னிரண்டு. மார்க்கை எப்படிப் போடுவது? பத்தாம் வகுப்பு மார்க்குக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டின் பள்ளித் தேர்வுகளுக்கு 40 விழுக்காடு என்று சூத்திரம் வகுத்தார்கள். எழுபது வருடமாக யாரும் சரியாக வைக்காத பதிவேடு ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தேவைப்பட்டது!

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு என் பழைய மாணவி போன் செய்தாள். அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை. "சார், பதினொன்றாம் வகுப்பு யூனிட் டெஸ்ட் ரெஜிஸ்டர் பாதிதான் இருக்கு. அப்ப பார்த்த டீச்சர் இப்ப உயிரோட இல்ல. நான் என்ன பண்ணுவேன்?" அந்தக் கோடையில் டில்லியில் எத்தனை பேர் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நான் என்ன சொல்ல முடியும்? "இருக்கிற நோட்டுப் புத்தகங்களைத் தேடு. தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் குழுவின் முன் வை. இஷ்டத்துக்கு நிரப்பாதே" என்றேன். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

சிக்கல் நாளில் கை கொடுக்க வேண்டிய சீட்டு நம்மிடம் இல்லை. பிரசவ மருத்துவர் 1953இலேயே கேட்ட சீட்டு அது.

இப்போது காற்று மறுபடி அந்தத் திசையில் வீசுகிறது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை முழுமையான முன்னேற்ற அட்டை பற்றிப் பேசுகிறது. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஓராண்டில் இரண்டு தேர்வுகள் என்று 2025இல் சி.பி.எஸ்.இ. அறிவித்தது. முதல் தேர்வை எல்லாரும் எழுத வேண்டும், இரண்டாவதில் மூன்று பாடங்கள் வரை மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம். ஒரே நாள், ஒரே தாள் என்ற பிடி கொஞ்சம் தளர்கிறது.

நம் வீடுகளுக்கு

நமது குடும்பங்கள் பெரும்பாலும் மார்க்கை நம்பி ஊரை விட்டு வந்தவை. நிலம் இல்லை, சிபாரிசு இல்லை. சர்டிபிகேட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜி.டி.யில் ஏறினோம். ஆகவே மார்க்கைப் பற்றி நமக்கு இருக்கும் பதற்றம் நியாயமானதுதான். மார்க் வேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை.

இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, உங்கள் பிள்ளையைப் பற்றிய பதிவேட்டைப் பள்ளி வைக்காவிட்டால் நீங்கள் வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். எது கஷ்டப்பட்டது, எதில் தானாக உட்கார்ந்தது, எந்த ஆசிரியர் என்ன சொன்னார் என்று தேதி போட்டு எழுதிவாருங்கள். பதினேழு வயதில் என்ன படிக்கலாம் என்று தவிக்கும்போது, ஒரு மார்க் ஷீட் சொல்லாததை அது சொல்லும். இரண்டு, எண் எதிர்பாராமல் குறைந்து வந்தால் முதலில் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். "நீ என்ன எழுதினே, சொல்லு" என்று கேளுங்கள். நம்பிக்கை இருந்தால் மறுபரிசீலனைக்கு மனுப் போடுங்கள், தேதி தவறாமல் போடுங்கள். எழுதிய விடைக்குக்கூட மார்க் விட்டுப்போகும், விட்டவன் சொல்கிறேன்.

அக்கா மகன் ரகு அந்த வருடமே கணக்கை எழுதித் தேறினான். ரிசல்ட் வந்த வாரம் குடும்பத்தோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். மன்னார்குடிப் பாட்டி வாசலில் நின்று முதலில் கேட்டது, "கம்பார்ட்மெண்ட்ல எடம் தாராளமா இருந்துச்சா?" என்பதுதான். இருந்தது என்று சொன்னானாம்.